ஆட்காட்டியின் புதுக்குரல்

வறண்ட ஏரி ஒன்றில் செங்கண்ணி என்ற ஆட்காட்டிக் குருவியும் அதன் புருஷன் நெட்டைக்காலனும் வாழ்ந்து வந்தன. ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். ஒன்று அடைகாக்கும்; மற்றது காவல் நிற்கும். பகை வந்தால் காவல் நிற்பது, "டிட்டிட்டீ!" என்று காது கிழியக் கத்தும். உடனே அடைகாப்பது எழுந்து, சிறகு ஒடிந்ததுபோல் நொண்டி நொண்டி ஓடி, பகையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் குலம் பிழைத்து வந்ததே இந்தக் கத்தலால்தான்.

அந்த வருஷம் மழை இல்லை. சேறு காய்ந்து புழு பூச்சி அற்றுப்போனது. செங்கண்ணியோ முட்டையிட்டிருந்தது. பட்டினி கிடந்து எப்படி அடைகாப்பது?

அப்போதுதான் அக்கரைப் பசுங்காட்டிலிருந்து கொம்பன் என்ற மான் வந்தது. அங்குள்ள மான் கூட்டத்துக்கு அதுதான் மேனேஜர்.

"தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து எங்களுக்குக் கழுத்து வலிக்குது. நீ வந்து காவல் பாரு. எங்க குளம்படியில கிளம்புற பூச்சியெல்லாம் உனக்குத்தான்!"

"உங்க காட்டுலயே குருவிங்க இல்லையா?"

"அதுங்க பழமும் கேக்குது, ஓய்வும் கேக்குது. உனக்குப் பூச்சியே போதுமே!"

செங்கண்ணி புருஷனைப் பார்த்தது.

"போயிட்டு வா. காவலையும் அடையையும் நானே பார்த்துக்கிறேன். பசியோட உட்கார்ந்திருக்கறதுக்கு இது மேல்" என்றது நெட்டைக்காலன்.

முதல் நாளே செந்நாய் வந்தது. "டிட்டிட்டீ!" என்று செங்கண்ணி கத்த, மான்கள் தப்பின. நன்றி வந்ததா? புகார்தான் வந்தது.

"ஐயய்யோ, என்ன குரல் இது! நாராசமா இருக்கு. எங்களுக்கெல்லாம் மென்மையாச் சொன்னாத்தான் பிடிக்கும். வீட்டுலயும் அப்படியே பேசிப் பழகு. பழைய கத்தல் வாயில வந்தா வேலை போயிடும்!" என்றது கொம்பன்.

வயிறு சொன்னால் தொண்டை கேட்காமல் என்ன செய்யும்? செங்கண்ணி பழகியது. "கூவீ... கூவீ..." என்று குழைந்து குழைந்து கூவியது. மாலையில் வாய் நிறையப் பூச்சியோடு வீடு திரும்பி, அங்கேயும் அப்படியே கூவியது.

"அடடா, பாட்டுக்காரி ஆயிட்டியே!" என்று நெட்டைக்காலன் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் கொம்பன், தீயில் கருகிய மலையிலிருந்து சில மைனாக்களைக் கூட்டி வந்தது. "இதுங்களுக்கும் சொல்லிக் கொடு. உனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றது. செங்கண்ணி நெஞ்சில் சூதில்லாமல் கற்றுக் கொடுத்தது. மைனாக்கள் கெட்டிக்காரக் குருவிகள்; சீக்கிரமே பிடித்துக்கொண்டன.

"பிரமாதமாச் சொல்லிக் கொடுத்துட்டே! நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றது கொம்பன்.

"ஏன்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பே இல்லை! இதுங்களுக்கு எங்க முதுகுல இருக்கற உண்ணியே போதுமாம். எங்களுக்கும் அரிப்பு நிக்குது!"

ரசத்திலிருந்து கறிவேப்பிலையை எடுத்துப் போட்டதுபோல் செங்கண்ணியைப் போட்டுவிட்டன. போகட்டும், முட்டைகளாவது இருக்கின்றனவே என்று செங்கண்ணி வீடு வந்து சேர்ந்தது. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் தட்டும் சத்தம் கேட்டது. நெட்டைக்காலன் அடைகாக்க, வெகுநாள் கழித்து அது தன் சொந்த முட்டைகளுக்குக் காவல் நின்றது.

நெட்டைக்காலனுக்குப் பின்னால் புதர் அசைந்தது. நரி!

செங்கண்ணி உயிரைக் கூட்டிக் கத்தியது.

"கூவீ... கூவீ..."

நெட்டைக்காலன் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

செங்கண்ணி பதறி மறுபடி கத்தியது. இன்னும் இனிமையாகத்தான் வந்தது. பாய்ந்து போய் நரியின் முகத்தில் மோதியது. நரி தலையை ஒரு உதறு உதறிவிட்டு வந்த வேலையை முடித்தது. வாலிறகு பிய்ந்து நெட்டைக்காலன் தப்பியதே பெரிது.

"நரி வந்துச்சே! நீ ஏன் கத்தலை?"

"கத்தினேனே..."

"நீ பாடிக்கிட்டு இல்ல இருந்தே!"

அக்கரையில் மைனாக்கள் கூவின. மான்கள் பத்திரமாக மேய்ந்தன. இங்கே உடைந்த ஓடுகளுக்கு நடுவே செங்கண்ணி அழுவதற்காக வாயைத் திறந்தது. அழுகையும் இனிமையாகவே வந்தது.

எசமானின் காதுக்கு இனிக்கத் தன் குரலை மாற்றிக்கொண்டவருக்கு, ஆபத்தில் தன் வீட்டை எழுப்பக் குரல் இருக்காது.