தேரை சொல்லாத பதில்

அந்தக் காலத்தில் ஊர்வனவும் பறப்பனவும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசும். தேரைக்கு அப்போது வழவழவென்று ஒரு தோல், கேட்டவர் நின்று கேட்கும்படி ஒரு குரல். தன் அழகு தனக்கே தாங்காமல் குளத்துத் தண்ணீரில் முகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பகலில், பின்னால் சருகு சலசலத்தது. திரும்பினால் சாரைப்பாம்பு! அழகாவது ஒன்றாவது, தேரை எடுத்தது ஓட்டம்.

ஓடிப்போய் நின்ற இடம் குருவாயியின் வார்ப்புக் களம். குருவாயி கோயில் மணி வார்க்கிறவள். மெழுகில் மணி செய்து, அதன் உள்ளும் புறமும் மண் பூசிச் சுடுவாள். மெழுகு உருகி வழிந்துவிட, மண்ணுக்குள் மணியின் வடிவில் வெற்றிடம் மட்டும் நிற்கும். அந்த மண் அச்சை வாய் தெரியக் குழியில் புதைத்து, உருக்கிய வெண்கலத்தை உள்ளே ஊற்றுவாள். அன்றைக்கு அச்சு நன்றாக ஆறியிருந்தது. அதன் வாயை மூடாமலே அவள் கூழ் குடிக்கப் போயிருந்தாள். தேரை தொப்பென்று உள்ளே குதித்துவிட்டது.

உள்ளே கும்மிருட்டு. இரண்டு மண் சுவர்களுக்கு நடுவே தேரை தன் ஈர உடம்பைத் திணித்துக்கொண்டது. மேலே இருந்த சின்ன வெளிச்சத்தையும் சாரையின் தலை வந்து மறைத்தது. அது உள்ளே நுழைவதற்குள் காலடிச் சத்தம் கேட்டது. குருவாயியும் அவள் புருஷன் முத்தாண்டியும் கொதிக்கும் வெண்கலப் பாத்திரத்தைக் குறட்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சாரை ஒதுங்கிக்கொண்டு குழைந்தது. "யக்கா, உள்ள ஒரு தேரை கெடக்கு. எடுத்து வெளிய போட்டுட்டு ஊத்துங்க."

"ஒனக்கு ஏன் இந்த அக்கறை?" என்றாள் குருவாயி.

"ஒரு உசுரு அநியாயமாப் போகக் கூடாதுல்ல?"

"பாம்பு பேச்சையா கேக்குற? வெண்கலம் ஆறுது, ஊத்து புள்ள!" என்று முத்தாண்டி பறந்தான்.

ஆனால் வார்க்கிறவர்களுக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வெறுமையாக இருக்கும் இடத்தை அதனிடம் கேட்காமல் நிரப்ப மாட்டார்கள். குருவாயி குனிந்து, அச்சின் வாய்க்குள் கேட்டாள்: "உள்ள யாரும் இருக்கீகளா? இருந்தா சொல்லு தாயி. அச்ச உடச்சாவது எடுத்துடுறேன்."

தேரை கணக்குப் போட்டது. இருக்கிறேன் என்றால் வெளியே எடுப்பார்கள். வெளியே சாரை. பாம்பை விரட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குருவாயி தடியெடுத்து விரட்டியிருப்பாள். பயந்துபோன மண்டைக்கு அந்த யோசனை எங்கே வரப்போகிறது! சத்தம் போடாமல் இருந்தால் பாம்பு போய்விடும், பிறகு குதித்து ஓடிவிடலாம் என்று அது வாயை இறுக்கிக்கொண்டது. பாவம், ஊற்றப்போவது என்னவென்று அதற்குத் தெரியாது.

"தாயி, யாரும் இல்லையே?" குருவாயி மறுபடியும் கேட்டாள். பதில் இல்லை.

"பொய்க்காரப் பயலே," என்று சாரையைத் திட்டிவிட்டு, அவள் பாத்திரத்தைச் சாய்த்தாள்.

இருட்டு சிவந்தது. தலைக்கு மேலிருந்து தீ இறங்கி வருவதைத் தேரை பார்த்தது. "இருக்கேன்! நான் இருக்கேன்!" என்று அலறியது.

ஈரம் பட்டால் வெண்கலம் வெடிக்கும் என்று தெரிந்த முத்தாண்டி பின்னால் பாய்ந்தான். குருவாயியும் ஓடியிருந்தால் தப்பியிருப்பாள். அவள் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு, குரல் வந்த வாய்க்குள் குனிந்து பார்த்தாள். அதற்குள் முதல் வெண்கலம் தேரையின் ஈரத்தில் விழுந்துவிட்டது. ஆவி சீறியது. அச்சு வெடித்தது.

தேரை தூர எகிறி விழுந்தது. முதுகெங்கும் தீத்துளி பட்டுக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. சாரை தாவி வந்து கவ்வியது. கொப்புளங்களிலிருந்து கசிந்த பால் நாக்கில் பட்டதும், தூவென்று துப்பிவிட்டுப் போய்விட்டது. எதற்குப் பயந்து தேரை வாயை மூடிக்கொண்டிருந்ததோ, அது அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது.

குருவாயி குழியோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் போயிருந்தது.

"கேட்டேனே தாயி," என்றாள். "ரெண்டு தடவ கேட்டேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

தேரை வாயைத் திறந்தது. வெந்துபோன தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம்தான் வந்தது. அவளுக்கு அது புரியவில்லை.

அன்று முதல்தான் வார்க்கிறவர்கள் யாரும் அச்சின் வாயை அடைக்காமல் கூழ் குடிக்கக்கூடப் போவதில்லை. தேரையும் அன்று முதல்தான், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மழை பெய்த ஈரத்தில் கிடந்து விடிய விடியப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது.