பார்ஸ்னிப் பாத்தியும் பயந்த எலியும்

கோத்தகிரியில் ஒரு வீட்டுத் தோட்டம். அங்கே யாரும் மண்ணைக் கொத்துவதில்லை. சருகைப் போர்த்திவிட்டு, செடிகளை அவற்றின் போக்கில் வளரவிட்டிருந்தார்கள். அதில் ஒரு பாத்தி முழுக்கப் பார்ஸ்னிப். பார்ப்பதற்கு வெள்ளைக் கேரட் போலிருக்கும் கிழங்கு அது. அந்தப் பாத்திக்கு அடியில் குறுணி என்ற சுண்டெலி நான்கு குட்டிகளை ஈன்றிருந்தாள்.

குறுணிக்கு எதற்கெடுத்தாலும் பயம். இலை அசைந்தாலே நெஞ்சு படபடக்கும்.

வேலியில் ஒரு காகம் தினமும் வந்து உட்காரும். குட்டிகளின் கீச்சுக்குரல் அதற்குக் கேட்டது. வளை எங்கே என்றுதான் தெரியவில்லை. இலையும் சருகும் அப்படி மூடியிருந்தன. ஒரு நாள் அது வேலியிலிருந்தே குரல் கொடுத்தது:

"குறுணி! சேதி தெரியுமா? நாளைக்கு உறைபனி விழப்போகுது! இலைமேல விழுந்து, தண்டு வழியா இறங்கி, உன் வளையையே ஐஸாக்கிடும். பிள்ளைங்க விறைச்சுப் போயிடுமே!"

"ஐயையோ! நான் என்ன செய்வேன்?"

"இலையெல்லாம் கடிச்சுப் போடு! சருகைத் தள்ளு! வெயில் நேரா உள்ளே இறங்கும்."

பக்கத்துப் பாத்திச் சருகிலிருந்து ஒரு தேரை தலையை நீட்டியது. "கேட்காதே அக்கா! போன வருஷமும் பனி விழுந்துச்சு. கிழங்கு இன்னும் இனிச்சுதே தவிர கெடலை. இந்தச் சருகுதான் நமக்குக் கம்பளி! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு இது!"

குறுணியின் காதில் அது ஏறவேயில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். குட்டிகள் விறைத்துக் கிடப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. பல் கூசக் கூச இலைத்தண்டுகளைக் கடித்தாள். சருகையெல்லாம் பின்னங்காலால் உதைத்துத் தள்ளினாள். பொழுது சாய்வதற்குள் பாத்தி மொட்டையாகிவிட்டது.

மறுநாள் காலை, காகம் சொன்னபடியே பனி விழுந்திருந்தது. போர்வை இல்லாத வளைக்குள் குட்டிகள் வெடவெடவென்று நடுங்கின. "இதோ, வெயில் வந்துடும் கண்ணுகளா!" என்றாள் குறுணி.

வெயிலும் வந்தது. அதை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்பு நிழலும் வந்தது.

"கா! கா!" காகம் தன் இனத்தையே கூவி அழைத்தது.

குறுணி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடினாள். தேரையின் சருகுக்குள் அதைப் போட்டுவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். வளை காலியாக இருந்தது.

பயமூட்டியவனிடமே பாதுகாப்புக்கு வழி கேட்பவர், தம் கூரையைத் தாமே பிரித்துக் கொடுப்பார்.