கண்ணாடிக் குடிலும் கழுதை போட்ட முடிச்சும்

பனிமலைக் காட்டில் சுமையாண்டி என்றொரு கழுதை இருந்தது. அந்த மலையிலேயே தலை நிமிர்ந்து நடந்த கழுதை அது ஒன்றுதான். காரணம், அதன் பொறுப்பில் ஒரு கண்ணாடிக் குடில் இருந்தது.

தோட்டக்காரர் ஒருவர் விட்டுப்போன வீட்டின் கொல்லையில் அந்தக் குடில் நின்றது. சுவரும் கண்ணாடி, தாழ்ந்த கூரையும் கண்ணாடி. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே கீரை முளைக்கும். மலையில் புல் தலைகாட்டும்வரை விலங்குகளுக்குப் பச்சை என்று இருந்தது அந்தக் கீரைதான். கையிலிருந்த விதை முழுவதையும் அங்கேதான் விதைத்திருந்தன. முளைத்தது பட்டுப்போனால் மறுபடி விதைக்க ஒரு விதைகூடக் கிடையாது.

காவலுக்கு யாரை வைப்பது என்று பேச்சு வந்தது. "என்னை வைங்க. எனக்கு வைக்கோல் போதும், கீரை மேல ஆசை இல்ல" என்றது சுமையாண்டி.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்று குரங்கு சிரித்தது.

"கற்பூரம் தெரியாது. காவல் தெரியும்" என்றது கழுதை. வேலை அதற்கே கிடைத்தது.

சும்மா சொல்லக் கூடாது, கழுதை நன்றாகவே உழைத்தது. விடிந்ததும் துடைப்பத்தை வாயில் கவ்விக்கொண்டு கூரைப் பனியைத் தள்ளும். தள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் கண்ணாடி உடைந்துவிடும். கதவிடுக்கில் சாக்கை அடைக்கும். குளிர் ஏறினால் பாத்திகளுக்கு நடுவே படுத்து, மூச்சு விட்டே உள்ளே சூடேற்றும். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாற்றுகூடச் சாகவில்லை.

கழுதைக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியது. "பாத்தியா? மூடின கதவு மூடினபடியே இருக்கு. குளிரால உள்ளே எட்டிக்கூடப் பாக்க முடியல."

குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு நாள் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. மூடிய குடில் அடுப்பில் ஏற்றிய இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. நாற்றுகள் தலை தொங்கின.

கழுதை பதறிப்போனது. குளிர் எங்கேயோ புகுந்துவிட்டது என்று நினைத்து, இன்னும் சில சாக்குகளைக் கொண்டுவந்து அடைத்தது.

செம்பி என்ற வெள்ளாடு வெளியே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சருகையே தின்று தின்று அதற்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. அதன் குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் பசியில் கத்தியது. கீரை வளர்ந்தால்தான் பால் ஊறும். பால் ஊறினால்தான் குட்டி பிழைக்கும்.

"அண்ணே, கதவைத் திறங்க. இலை குளிர்ல தொங்கல, புழுக்கத்துல தொங்குது. உள்ளே வெந்துக்கிட்டிருக்கு" என்றது செம்பி.

"ஆட்டுப் பேச்சைக் கேட்டுக் கதவைத் திறந்தா இலை மிஞ்சுமா, தண்டு மிஞ்சுமா?" என்றது கழுதை.

"தின்னப் பிறந்தவதான் நான். அதனாலதான் இலையைப் பாத்தா தெரியுது. பனி பட்ட இலை கருகிப் போகும். இது துவண்டு கிடக்கு."

"மூடி வச்சுத்தானே இத்தனை நாள் காப்பாத்தினேன். எனக்கே பாடம் சொல்றியா?"

செம்பி தன் குட்டியைப் பார்த்தது. பிறகு சுவரோரம் கிடந்த கயிற்றைக் கவ்வி வந்து கழுதையின் காலடியில் போட்டது. "என்னை அந்த வேலிக் கம்பத்துல கட்டிப் போடுங்க. குட்டி பால்குடி, அது இலையைத் தொடாது. அப்புறம் பயமில்லாமத் திறந்து பாருங்க."

தன்னைக் கட்டச் சொல்லித் தானே கயிறு கொண்டுவந்த ஆட்டைக் கழுதை அதுவரை பார்த்ததில்லை. வாயாலேயே ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, சாக்குகளை இழுத்துத் தள்ளிக் கதவைத் திறந்தது.

குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. கழுதைக்கே மூச்சு முட்டியது. குளிர்ந்த காற்று மெல்ல உள்ளே போனது. உச்சி சாயும் நேரத்தில் ஒரு நாற்று தலை தூக்கியது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு பாத்தி முழுவதும் நிமிர்ந்தது.

பழைய பெருமை உடனே திரும்பி வந்துவிட்டது. கழுதை குரங்கைக் கூப்பிட்டு, "நான் திறந்தேன், டக்குனு நிமிர்ந்துடுச்சு பாரு" என்று ஆரம்பித்தது. பேச்சு நீண்டது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதைக் கழுதை கவனிக்கவில்லை.

"அண்ணே, பனி இறங்கப் போவுது. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம், கதவை மூடுங்க!" என்று செம்பி கத்தியது.

கழுதை ஓடிப்போய் மூடியது. சாக்கைத் திணித்து முடித்தபோது பனி மறுபடி கொட்டத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் ஆட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்ற நினைவு வந்தது. கம்பத்தருகே போனால், அங்கே அவிழ்க்க எதுவும் இல்லை. வாயால் போட்ட முடிச்சு எப்போதோ கழன்று, கயிறு சேற்றில் கிடந்தது. அதுவரை எதிரே திறந்தே கிடந்த கதவு, உள்ளே பாத்தி நிறைய இளங்கீரை, வயிற்றில் பசி. இருந்தும் செம்பி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"ஏன் உள்ளே வரல?" என்று கேட்டது கழுதை.

"என் பேச்சை நம்பித்தானே திறந்தீங்க. நான் ஒரு இலையைக் கடிச்சிருந்தா, நாளைக்குத் திறப்பீங்களா?"

கழுதைக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றுமுதல் செம்பி இலையைப் பார்த்துச் சொல்லும், கழுதை திறக்கும், மூடும். இப்படியே பனியும் வெயிலும் மாறி மாறி வந்து போயின. கீரை கிள்ளும் பருவம் வந்ததும் முதல் பிடி செம்பிக்குப் போனது. பால் ஊறியது. குட்டி கொல்லை முழுக்கத் துள்ளியது.

கழுதை முன்னைவிட நன்றாகத் தலை நிமிர்த்தி நின்றது. "இந்தக் கீரையைக் காத்தது யாருன்னு தெரியுமா?" என்று குரங்கிடம் கேட்டது.

"நீதான். தெரியாதவங்க யாரு இருக்காங்க?" என்றது குரங்கு சலிப்புடன்.

"மூடிக் காத்தது நான். திறந்து காத்தது செம்பி" என்றது கழுதை.

மூடிக் காக்கத் தெரிந்தவர் திறந்து காக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்வது ஆடாகவே இருந்தாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.