பூங்காவனத்துக் கன்னமும் அத்தையோட பொட்டும்

ஒரு ஊர்ல ஒரு கன்னம் இருந்துச்சாம். என்ன சிரிக்கிற, கன்னம்தான். பணியாரம் மாதிரி உப்பலா ஒரு கன்னம். அதுக்குப் பக்கத்துல இன்னொரு கன்னம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாய். அந்த வாய்க்குச் சொந்தக்காரி பேரு பூங்காவனம், அஞ்சு வயசு. கேக்குறியா? ம் சொல்லு.

பூங்காவனம் சிரிச்சான்னா கிளுகிளுகிளுன்னு ஆரம்பிச்சு, கெக்கெக்கேன்னு ஏறி, கடைசில விக்கல்ல போய் நிக்கும். அந்தச் சத்தத்துக்குக் கூரை மேல இருக்கிற கோழி படபடபடன்னு எறங்கி ஓடும். கொட்டாயில இருக்கிற கன்னுக்குட்டி காதை வெடைச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்கும். தெருவுல தயிர் விக்கிறவங்க, எதுக்குன்னு தெரியாமயே தாங்களும் சிரிச்சுக்கிட்டுப் போவாங்க.

அந்த வீட்டுல ஒரு அத்தை. பூங்காவனத்தோட அப்பாவுக்கு அக்கா, பேரு கன்னியம்மா. அத்தைக்குப் பூங்காவனம்னா உசுரு. அத்தைக்கு இன்னொரு பெருமையும் உண்டு, அது பண்ற மை. ஜவ்வரிசியச் சட்டியில போட்டுக் கரியாகுற வரைக்கும் வறுத்து, தண்ணி ஊத்திக் கொதக் கொதக்னு கொதிக்க வச்சு, வாசனைக்குப் பச்சைக் கற்பூரம் கொழைச்சு, கொட்டாங்குச்சியில ஊத்திக் காய வைக்கும். தெருவுல எந்தக் குழந்தைக்குப் பொட்டு வைக்கணும்னாலும் அத்தையோட கொட்டாங்குச்சிதான் போகும். அப்போ சொந்த மருமகளுக்கு வைக்காம இருக்குமா? இப்படிச் சிரிக்கிற புள்ள மேல கண்ணு படாம என்ன செய்யும்னு, தினம் காலையில வலது கன்னத்துல கடுகு அளவுக்கு ஒரு பொட்டு. சாயங்காலம் அதை வாசனை சோப்பு போட்டு, துண்டால சரக் சரக்னு தேச்சு எடுக்கும். ம்?

அப்புறம் மார்கழி வந்துச்சு. பனி சிலுசிலுன்னு எறங்குச்சு. ஒரு நாள் பாத்தா, பூங்காவனத்தோட வலது கன்னம் செவந்துபோய், தொட்டா அப்பளம் மாதிரி சொரசொரன்னு இருக்கு. நமநமன்னு அரிக்குது. அவ பறக் பறக்னு சொறிஞ்சா, இன்னும் அரிக்குது. அதை விடக் கொடுமை என்னன்னா, வாயத் தொறந்து சிரிச்சா தோலு இழுத்துக்கிட்டுச் சுரீர்னு வலிக்குது. அதனால அவ பாதிச் சிரிப்பு சிரிச்சா. அப்புறம் கால் சிரிப்பு. அப்புறம் வாய இறுக்கி மூடிக்கிட்டா. கோழி கூரையில உக்காந்து உக்காந்து பாத்துது. சத்தமே வரல.

அத்தை அந்தக் கன்னத்தப் பாத்துச்சு. கண்ணேதான், வேற என்னன்னு சொல்லிட்டு, கடுகுப் பொட்ட மிளகுப் பொட்டாக்குச்சு. கன்னம் இன்னும் செவந்துச்சு. சரி, அந்தக் கன்னம் பாவம், கொஞ்சம் ஆறட்டும்னு, பொட்டு எடது கன்னத்துக்குப் போச்சு. நாலு நாள்ல எடது கன்னமும் செவசெவன்னு ஆயிருச்சு. அத்தைக்கு ரோஷம் வந்துச்சு. பொட்ட மோவாய்க்கு மாத்துச்சு, இந்தத் தடவ புளியங்கொட்டை அளவுக்கு. மூணே நாள்ல மோவாயும் சொரசொர. அத்தை இடுப்புல கை வச்சுக்கிட்டு, பூங்காவனத்தோட அம்மா தேவானையக் கூப்பிட்டு, "பாத்தியா தேவானை, நான் எங்க வச்சாலும் அந்தக் கண்ணு தொரத்திக்கிட்டே வருது. நெத்தி ஒண்ணுதான் பாக்கி"ன்னு சொல்லுச்சு.

பூங்காவனம் வாய லேசாத் தொறந்து, வலிக்காம மெதுவாக் கேட்டா. "ஏன் அத்தை, நீங்க பொட்டு வைக்கிற எடம் அந்தக் கண்ணுக்கு எப்படி கரெக்டா தெரியுது?"

அத்தை தன் விரல் நுனியில ஒட்டியிருந்த மையப் பாத்துச்சு. அத முந்தானையில தொடச்சுக்கிச்சு. தேவானை புள்ளையப் பாத்தா, கொட்டாங்குச்சியப் பாத்தா, நாத்தனாரப் பாத்தா. புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் செருப்ப மாட்டுனா.

தூக்கம் வருதா? கையக் கன்னத்துல இருந்து எடு. ஆங், அப்படி. கேளு.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா. அவங்க பூங்காவனத்தோட முகத்தையும், முழங்கை மடிப்பையும் பொறுமையாப் பாத்தாங்க. இந்தப் புள்ளைக்குத் தோலு ரொம்ப மெல்லிசு, ஈரம் தங்காது, அதோட சட்டுனு கோவிச்சுக்கிற தோலுன்னு சொன்னாங்க. பனி ஒரு பக்கம், கற்பூர மை ஒரு பக்கம், சோப்பும் துண்டும் ஒரு பக்கம், பாவம் அது எத்தனையத் தாங்கும்னு கேட்டாங்க. அத்தையும் கூடத்தான் வந்திருந்துச்சு. அது அண்ணாந்து, சொவத்துல ஓடுற பல்லியப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னையிலிருந்து வீட்டுல எல்லாம் மாறிப்போச்சு. வெதுவெதுன்னு தண்ணி, அதுவும் மளமளன்னு ரெண்டு சொம்பு ஊத்திக் குளியல முடிச்சிரணும். முகத்துக்கு வாசனை சோப்பே கிடையாது. பழைய பருத்தி வேட்டியக் கிழிச்சு, தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுக்கணும். ஈரம் முழுசாக் காயுறதுக்குள்ள, வாசனையே இல்லாத வெள்ளக் களிம்ப வழவழன்னு தடவணும். செவந்திருக்கிற எடத்துக்கு மட்டும், டாக்டரம்மா தந்த சின்ன ட்யூப் மருந்து, அவங்க சொன்ன அத்தனை நாளைக்குத்தான். நகம் நறுக் நறுக். அரிச்சா சொறியக் கூடாது, ஈரத்துணிய ஜில்லுன்னு வச்சு அமுக்கிக்கணும். மறுபடி எப்பவாவது வரும், வந்தா பயப்படாம முதல்லேர்ந்து இதையே செய்யுங்கன்னும் சொல்லியிருந்தாங்க.

அத்தை மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்துச்சு. நாலாம் நாள் பாத்தா, களிம்பு டப்பாவ அதுவே கையில எடுத்துக்கிட்டு, தேவானைக்கு முன்னாடி வந்து உக்காந்துருச்சு. இவளுக்கு அவ்வளவா பதமாத் தடவ வராதுன்னு வேற ஒரு குத்தம் சொல்லுச்சு. தேவானை சிரிப்ப அடக்கிக்கிட்டு, தடவுங்க அண்ணின்னு எடம் விட்டா.

அப்புறம் சொரசொர போச்சு. செவப்பு போச்சு. பணியாரம் திரும்பி வந்துச்சு. ஆனா சிரிப்பு மட்டும் வரல. ஏன்னு கேளு. பூங்காவனத்துக்குப் பயம். சிரிச்சா சுரீர்னு இழுக்கும்னு, வாயப் பூட்டி வச்ச மாதிரியே திரிஞ்சா. அப்பா கழுதை மாதிரி கத்திப் பாத்தாரு, ம்ஹூம். அம்மா கண்ண உருட்டிப் பாத்தா, ம்ஹூம். கன்னுக்குட்டி அவ கையப் பரபரன்னு நக்கிப் பாத்துச்சு, அதுக்கும் ம்ஹூம்தான்.

தை பொறந்துச்சு. பொங்கலுக்கு வீடு நெறைய விருந்தாளி வரப்போறாங்க. காலையிலயே அத்தைக்கு இருப்புக் கொள்ளல. அத்தனை பேரு பாப்பாங்களே, புள்ளையச் சும்மா விடுறதான்னு, கொட்டாங்குச்சிய எடுக்கும், வைக்கும், எடுக்கும், வைக்கும். இந்த மையில கற்பூரம் போடல தேவானை, சத்தியமான்னுச்சு. தேவானை, முகத்துல மட்டும் வைக்க விட மாட்டேன்னு புள்ளைய இடுப்போட சேத்துக்கிட்டா. அத்தைக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

அதப் பாத்த பூங்காவனம் என்ன செஞ்சா தெரியுமா? பொத்துனு தரையில உக்காந்தா. காலத் தூக்கி அத்தை மடியில வச்சா.

"இங்க வைங்க அத்தை. கண்ணு வந்தா வந்து மிதி வாங்கிட்டுப் போகட்டும்."

அத்தை யோசிச்சுது. உள்ளங்கால ஈரத்துணியால தொடச்சுது. ஈர விரல மையில தேச்சு, நடுப்பாதத்துல மெதுவா வச்சு, வட்டமாச் சுத்துச்சு. ஒரு சுத்து. ரெண்டாவது சுத்து. மூணாவது சுத்து சுத்தும்போது...

கிளுக்.

அத்தை அசந்துபோய் நிறுத்துச்சு. மறுபடி விரல வச்சுது. கிளுகிளுகிளு, கெக்கெக்கே, விக்! கோழி கூரையில இருந்து படபடபடன்னு எறங்கி ஓடுச்சு. கன்னுக்குட்டி காதை வெடைச்சுக்கிட்டுத் திரும்புச்சு. பூங்காவனம் சிரிச்சுக்கிட்டே கன்னத்த ரெண்டு கையாலயும் தொட்டுப் பாத்தா. இழுக்கல. சுரீருங்கல.

"அம்மா, வலிக்கல"ன்னா.

தேவானை அவ கன்னத்துல மெத்துனு ஒரு முத்தம் வச்சா. அத்தை மூக்க உறிஞ்சிக்கிட்டு, இன்னொரு காலக் காட்டுடின்னுச்சு.

அந்தப் பொட்டு அன்னைக்கெல்லாம் ஓடி ஆடி, சாயங்காலத்துக்குள்ள தானா அழிஞ்சுருச்சு. யாரும் தேய்க்கவே வேணாம் பாரு. பொட்டும் போச்சு, கதையும் அதோட கரைஞ்சு போச்சு. ம் சொல்லு.

ம் சத்தத்தையும் காணோம். சரி, தூங்கு கண்ணு.