ஹசீனாவோட ஜார்

திருச்சி தில்லை நகர்ல ஒரு ஸ்மூத்தி கடை. நடத்துறவங்க பேரு நவநீதம். முப்பது வயசுதான். ஆனா யாரும் பேரைச் சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும் அவங்க மாஸ்டர்!

மாஸ்டர்கிட்ட தொழில் கத்துக்கிட்டது ரெண்டு பேரு. முதல்ல வந்தவரு ஜெபராஜ். மாஸ்டரை விட ரொம்பப் பெரியவரு. பஸ் ஸ்டாண்டுல பல வருஷம் டீ போட்ட கை. ரோட்டைப் பாத்துக்கிட்டே, நிக்கிறவங்ககிட்ட அரசியல் பேசிக்கிட்டே டீ ஆத்துவாரு. ஒரு சொட்டு கீழ சிந்தாது!

அவருக்கு அப்புறம் வந்தவ ஹசீனா. காலேஜ் முடிச்ச கையோட வந்து சேந்தா.

வந்த கொஞ்ச நாள்லயே கஸ்டமருங்க, "இன்னிக்கு அந்தப் பொண்ணு இருக்கா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. இருந்தா உக்காருவாங்க. இல்லன்னா, "பரவால்ல, அப்புறமா வர்றோம்." ஜெபராஜ் குத்துக்கல்லாட்டம் அங்கயேதான் நிப்பாரு!

மனுசனுக்கு வயிறு எரிஞ்சுது.

அந்த சமயம் பாத்து ஸ்ரீரங்கத்துல ரெண்டாவது கடை ரெடியாச்சு. அங்க யாரு மாஸ்டர்? முதல்ல வந்தது நான், எனக்குத்தான்னு ஜெபராஜ் வீட்ல சொல்லியே வெச்சுட்டாரு. திங்கக்கிழமை காலையில நவநீதம் சாவியை எடுத்தாங்க. ஹசீனா கையில குடுத்தாங்க.

ஜெபராஜ் ஏப்ரனைக் கழட்டி கவுண்டர் மேல வீசினாரு.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"எனக்குச் சொல்லிக் குடுக்காத எதை அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்லியே."

"அப்ப அவ போடுறது மட்டும் எப்பிடி வெண்ணெயாட்டம் இறங்குது? நான் போட்டா கட்டி நிக்குது, ஸ்ட்ரா அடைச்சுக்குது. அவளுக்கு மட்டும் புது ஜார் குடுத்திருக்கீங்க. அதான் விஷயம்!"

நவநீதம் ஹசீனா பக்கம் திரும்பினாங்க.

"உன் ஜாரை அண்ணனுக்குக் குடு. அவரோடத நீ எடுத்துக்க. ரெண்டு பேரும் மாம்பழ ஸ்மூத்தி போடுங்க. அண்ணன் போடுறது ஸ்ட்ராவுல அடைக்காம ஏறிச்சுன்னா, சாவி அவருக்கு."

ஹசீனா மொகம் சுருங்கிப்போச்சு. இருந்தாலும் சாவியை கவுண்டர் நடுவுல வெச்சா.

அடியில தயிர். அதுக்கு மேல மாம்பழம். உச்சியில ஃப்ரீஸர்ல வெச்ச வாழைப்பழத் துண்டு. ஹசீனா எவ்ளோ தயிர் ஊத்துறான்னு ஓரக்கண்ணால பாத்து, ஜெபராஜ் அதே அளவு ஊத்தினாரு.

ரெண்டு பிளெண்டரும் ஓடிச்சு.

கொஞ்ச நேரத்துல ஹசீனாவோட பிளெண்டர் சத்தம் லேசாச்சு. பழம் மேல தங்கிடுச்சு, அடியில பிளேடு வெறும் காத்துல சுத்துது. அவ நிறுத்தினா. மூடியைத் தொறந்து கரண்டியால ஒரு கிளறு கிளறினா.

ஜெபராஜோட ஜார்ல அப்பத்தான் பழம் நல்லா சுத்த ஆரம்பிச்சிருந்துச்சு. அவரும் நிறுத்தினாரு. அவரும் கிளறினாரு.

அவ ஓட விட்டா. இவரும் ஓட விட்டாரு.

"அண்ணே, என்னையே இப்பிடிப் பாக்குறீங்களே!" ஹசீனா தலையைத் தூக்காமலே சொன்னா. "வீட்டுக்குப் போனதும் அம்மாவைச் சுத்திப் போடச் சொல்லணும் போல."

"நீ உன் வேலையைப் பாரும்மா."

மாஸ்டர் ரெண்டு டம்ளர்லயும் ஸ்ட்ரா போட்டாங்க. ஹசீனாவோடது சர்ருன்னு ஏறிச்சு. அடுத்தத உறிஞ்சினாங்க. கன்னம் ரெண்டும் உள்ள போச்சு, ஒண்ணும் வரல.

"பழம்!" ஜெபராஜ் கத்தினாரு. "நல்ல பழமாப் பொறுக்கி அவ டப்பாவுல போட்டுக்கிட்டா!"

"டப்பாவ மாத்திக்கங்க."

மாத்தினாங்க. போட்டாங்க. ஜெபராஜோடதுதான் அடைச்சுது.

"அப்ப மெஷின்! அவ மெஷினு ஓடுற வேகமே வேற!"

"இடத்த மாத்தி நில்லுங்க."

மாத்தி நின்னாங்க. இப்ப ஜெபராஜ் கையில இருக்கிறது ஹசீனாவோட ஜார், ஹசீனாவோட பழம், ஹசீனாவோட மெஷின். அவ தலைக்கு மேல ஓடுன ஃபேன் கூட இப்ப அவரு தலைக்கு மேலதான்! அவகிட்ட இருக்கிறது எல்லாம் அவரு வேண்டாம்னு தள்ளினது.

அவ நிறுத்தினப்ப இவரு நிறுத்தினாரு. அவ கிளறினப்ப இவரு கிளறினாரு.

அவளோடது கடைசி சொட்டு வரைக்கும் ஏறிச்சு.

ஜெபராஜ் தன்னோட டம்ளர்லேர்ந்து ஸ்ட்ராவை உருவினாரு. நுனியில ஒரு வாழைப்பழக் கட்டி. கரையவே இல்ல.

குரல் இறங்கிப்போச்சு அவருக்கு.

"மாஸ்டர், இதுக்கு மேல அவகிட்டேர்ந்து வாங்க ஒண்ணுமே இல்லியே! அவ செஞ்சதையேதான் நானும் செஞ்சேன். ஒரு செகண்டு முன்னப்பின்ன இல்ல!"

"பாத்தேன்ணே. மூணு தடவையும் நீங்க அவ கையில இருந்த ஜார்லேர்ந்து கண்ணை எடுக்கவே இல்ல."

"ஆமா மாஸ்டர்! எடுக்கவே இல்ல!"

நவநீதம் சாவியை ஹசீனா பக்கம் நகத்தினாங்க.

"அவளும் அவ கையில இருந்த ஜார்லேர்ந்து கண்ணை எடுக்கலண்ணே."