டிக் டிக் என்ற ஹார்ட் டிஸ்க்

மில் மெஷின் இழுத்து மாராயிக்குக் கை போனது. அதைப் பதிவு செய்த கேமராவின் ஹார்ட் டிஸ்க்கும் மறுநாளே போனது. முதலாளி தங்கமுத்து அதைத் தமயந்தியின் ரிப்பேர் கடை மேஜையில் வீசினார். பின்னால் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் நின்றார்கள்.

"தானாப் போயிருச்சு. ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு இவங்களுக்குச் சொல்லும்மா."

தமயந்தி கரண்ட் கொடுத்தாள். டிஸ்க் டிக் டிக் என்று அடித்தது. அடிபட்ட டிஸ்க்கின் சத்தம் அது என்று அவளுக்குத் தெரியும்.

"தானாப் போயிருந்தா எல்லாத்தையும் எடுத்தரலாங்க. ஓடறப்பவே தரையில ஓங்கி அடிச்சிருந்தாத்தான் ஒண்ணும் தேறாது."

முதலாளி பதறினார். "ஓடறப்பத்தான் அடிச்சேன். நானே அடிச்சேன்."

சொன்ன பிறகுதான் திரும்பிச் சங்கத்து ஆட்களைப் பார்த்தார்.

தமயந்தி தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "என் கடை கேமராவோட டிஸ்க் நல்லா ஓடுதுங்க."