தடிக்காத கை

தீர்ப்புச் சொல்ல அவசரப்படுபவர்கள் இந்தக் கதையை இரண்டு முறை படிப்பது நல்லது.

தூத்துக்குடியில் அலர்ஜிக்கு வைத்தியம் பார்ப்பவர் டாக்டர் அருமைநாயகம். அவரிடம் சோதனை இப்படி நடக்கும். நர்ஸ் பேச்சியம்மாள் நோயாளியின் முன்கையில் பேனாவால் வரிசையாக எண்கள் எழுதி, எண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து வைத்து, ஊசியால் லேசாகக் குத்துவாள். எது உடம்புக்கு ஆகாதோ, அந்த இடம் கால்மணி நேரத்தில் கொசு கடித்த மாதிரி தடிக்கும். கடைசியாக வழக்கப்படி ஒரு சொட்டு வைப்பார்கள். அது யார் கையிலும் தடித்துவிடும்.

ஜெனிட்டாவை அவளுடைய அம்மா ரெஜினாள் அங்கே அழைத்து வந்தாள். சிறுவயதில் இறால் தின்று ஒருமுறை உதடு வீங்கிய பெண். இப்போது அவளைக் கட்டிக்கொடுக்கப்போவது விசைப்படகு வைத்திருக்கும் வீட்டில். அங்கே இறால் இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது. இன்னும் ஆகாதா, சரியாகிவிட்டதா என்று தெரிந்தாக வேண்டும்.

அன்று காலை மகளுக்கு மூக்கு ஒழுகியது. கடையில் வாங்கிய சளி மாத்திரை ஒன்றைக் கொடுத்துத்தான் ரெஜினாள் கூட்டி வந்திருந்தாள்.

"அலர்ஜி மாத்திரை ஏதும் போட்டியளா?" என்று பேச்சியம்மாள் எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டாள்.

இல்லை என்றாள் ரெஜினாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கொடுத்தது சளி மாத்திரை.

பேச்சியம்மாள் கடைசிச் சொட்டு வரை வைத்துக் குத்தி முடித்தாள். வெளியே கூட்டம் நெரிந்தது. கால்மணி நேரம் கழித்து டாக்டர் வந்து கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு இடத்துலகூடத் தடிக்கல. பயப்படாம சாப்பிடலாம்மா."

ரெஜினாள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கல்யாணமான மூன்றாம் நாள் மாமியார் ஆசையாக வைத்த இறால் தொக்கை ஜெனிட்டா சாப்பிட்டாள். தொண்டை அடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியிலிருந்து இறக்கும்போது உயிர் இல்லை.

மாத்திரை விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. அந்தச் சளி மாத்திரையில் அலர்ஜியை அடக்கும் மருந்தும் இருந்தது.

"எம் புள்ளைய நாந்தான் கொன்னுட்டேன்" என்றாள் ரெஜினாள். எந்த மாத்திரை என்றாலும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, பேச்சியம்மாள் வேலையை விட்டுவிட்டாள். கையில் கண்டதைத்தான் சொன்னேன், அவர்கள் மறைத்ததற்கு நான் என்ன செய்வேன் என்றார் டாக்டர்.

இந்த மூவரில் குற்றம் யாருடையது?

விடை: டாக்டருடையது. யார் கையிலும் தடிக்க வேண்டிய கடைசிச் சொட்டும் அன்று தடிக்கவில்லை. ஒரு இடத்தில்கூட இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். உடம்பில் ஏதோ மருந்து இருக்கிறது, இந்தச் சோதனை செல்லாது, இன்னொரு நாள் வா என்று திருப்பி அனுப்ப அது ஒன்றே போதும். தாய் தெரியாமல் செய்ததையும் நர்ஸ் கேட்காமல் விட்டதையும் பிடிக்கத்தான் அந்தச் சொட்டையே வைக்கிறார்கள். ரெஜினாளிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.